என் தாடையின் எலும்புதின்னிகள்

நான் ஓர் இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குச் சற்று முன்பே என் முன்பற்கள் போய்ச் சேர்ந்துவிடும். பள்ளிக்கூடத்தில் என் பெயர் தேங்காய்த் துருவி. புதிதாக வந்த வாத்தியார் என் நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது நானே எழுந்திருக்கவில்லை. பக்கத்துப் பையன்தான், "ஏலே துருவி, ஒன்னத்தாண்டா" என்று இடித்துவிட்டான். அந்த வயதிலேயே வலது கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டு சிரிக்கப் பழகினேன். பிறகு கையை வைத்துக்கொண்டு பேசப் பழகினேன். அப்புறம் பேச்சையே குறைத்துக்கொண்டேன், கைக்கும் ஓய்வு வேண்டுமே.

பிழைப்பும் அதற்கேற்ற மாதிரியே அமைந்தது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் எனக்குச் சின்னதாக ஒரு பூட்டுச் சாவிக் கடை. பீரோ, பைக், ஷட்டர் என்று எதன் சாவியைத் தொலைத்தாலும் ஆட்கள் என்னிடம் வருவார்கள். சாவியைத் தொலைத்தவர்கள் பெண்டாட்டியையோ புருஷனையோ திட்டிக்கொண்டு தாங்களே பேசிக்கொண்டிருப்பதால் நான் வாயைத் திறக்க வேண்டிய அவசியம் வராது. கம்பியை உள்ளே விட்டுத் துழாவி, எங்கே தடுக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் அழுத்தினால் பூட்டு திறந்துகொள்ளும். இப்படியே வருஷக்கணக்காக அழுத்தி அழுத்தி எனக்குள் ஒரு திமிர் வளர்ந்திருந்தது. உலகத்தில் நகராத பொருள் எதுவும் கிடையாது, எங்கே அழுத்துவது என்று தெரியாத மடையர்கள்தான் உண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மடையர்களுக்குத் தலைவன் நான்தான் என்பது பின்னால் தெரிந்தது.

முப்பத்தாறு வயதாகியும் கல்யாணமாகாத ஆண்களுக்கு எங்கள் பக்கம் பஞ்சமே இல்லை. சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் பார்த்தால் முழுக்க நாங்கள்தான். அப்படி இருக்கையில், ஒரு ஆவணி மாதம், தரகர் ஒருவர் ஆத்தூர்ப் பக்கம் பெண் பார்க்கக் கூட்டிப்போனார். பெண்ணும் அவள் அண்ணனும் சேர்ந்து நாற்றுப் பண்ணை வைத்திருந்தார்கள். பச்சை வலைப் பந்தலுக்குக் கீழே, குழித்தட்டுகளில் தக்காளியும் மிளகாயும் காலிஃபிளவரும் வரிசையாக முளைத்து நிற்கும். பெண் தனியாகப் பேச வேண்டும் என்றாள். பந்தலுக்குள் கூட்டிப்போய், ஒரு தட்டைத் தூக்கி நிழல் மாற்றி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தாள்.

"சொல்லுங்க. கட எப்பிடிப் போகுது? லீவு நாள்ல என்ன செய்வீங்க?"

நான் கைக்குட்டையை வாயருகே வைத்துக்கொண்டு "ம்" என்றேன். அவள் இன்னும் என்னென்னவோ கேட்டாள். எல்லாவற்றுக்கும் விதவிதமாக "ம்" போட்டேன். கடைசியில், ஏதாவது ஒன்று பேசித்தான் ஆக வேண்டும் என்று நெருக்கடி முற்றியபோது, காலடியில் இருந்த தட்டைக் காட்டி, "இது கத்தரி நாத்தா?" என்று கேட்டேன்.

"மொளகா" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். வாயை மூடாமல், தோள் குலுங்க, பந்தலுக்கு வெளியே நின்ற அவள் அண்ணன் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. இவள் இல்லாவிட்டால் இனி யாரும் வேண்டாம் என்று திரும்பி வருகிற வழியிலேயே முடிவுசெய்துவிட்டேன். அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

தரகர் போன் செய்தார்.

"எல்லாம் பிடிச்சிருக்காம் தம்பி. வாயிதான் கொறையாம். முடிவா வேணாம்னு சொல்லல. தை வரைக்கும் யோசிக்கட்டும், அப்பறம் வேற எடம் பாக்கலாம்னு அண்ணங்காரரு சொல்லிட்டாரு."

வாய்தான் குறை. அதற்கு மேல் விளக்கம் எதற்கு? அம்மா மோவாயில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். "நீ எம் பக்கத்துச் சாடையா இருந்திருந்தா இந்தச் சீரழிவு உண்டாடா? அம்புட்டும் ஒங்கப்பன் வீட்டுப் பல்லு" என்று போட்டோவில் இருந்த அப்பாவைப் பார்த்துச் சொன்னாள். அப்பாவும் போட்டோவில் வாயை இறுக மூடிக்கொண்டுதான் இருந்தார்.

மறுநாளே பல் டாக்டரிடம் போனேன். இளவயதுப் பெண். என் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, கம்பி கட்டிச் சரிசெய்துவிடலாம் என்றார்.

"தைக்குள்ள ஆயிருமா மேடம்?"

"எந்தத் தைண்ணே? இந்தத் தை, அடுத்த தையெல்லாம் கணக்குலயே இல்ல. அதுக்கும் அடுத்த தையின்னா பாக்கலாம்."

பற்கள் பின்னால் போக இடம் வேண்டும் என்பதற்காக, மேல்வரிசையில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நல்ல பற்களைப் பிடுங்கினார்கள். துருத்திக்கொண்டிருக்கும் பல்லை விட்டுவிட்டு, சிவனே என்று கிடந்த பல்லைப் பிடுங்கிய டாக்டரை அம்மா கடைசிவரை மன்னிக்கவில்லை. "கழுத்து வலின்னு போயிருந்தா கால வெட்டியிருப்பா போலுக்கே" என்றாள்.

கம்பி கட்டியபோது டாக்டரிடம் என் தொழில் அறிவைக் காட்டினேன். கம்பிதானே இழுக்கிறது, கொஞ்சம் பலமாக இழுத்தால் சீக்கிரம் வந்துவிடாதா என்று கேட்டேன்.

"கம்பி இழுத்து பல்லு நகராதுண்ணே. கம்பி சும்மா சாடை காட்டும். வேல பாக்குறது ஒடம்பு" என்று சொல்லி, பொறுமையாக விளக்கினார். பல் ஒன்றும் எலும்பில் அறைந்த ஆணி இல்லையாம். வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவில் மெல்லிய மெத்தை ஒன்று இருக்கிறது. கொலாஜன் என்கிற புரத நார்களால் ஆன மெத்தை. கம்பி பல்லை மெதுவாக ஒரு பக்கம் சாய்க்கும்போது, அந்தப் பக்கத்து மெத்தை லேசாக அழுந்துகிறது. உடனே எலும்பைத் தின்கிற செல்களுக்குச் சேதி போகிறது. அவை ரத்தத்தின் வழியாக வந்து எலும்பின் மேல் அட்டை மாதிரி ஒட்டிக்கொள்கின்றன. எலும்பு என்பது கொலாஜன் நார்வலை, அதற்குள் இறுகிப்போன சுண்ணாம்புச் சத்து. இந்தச் செல்கள் முதலில் அமிலத்தைச் சுரந்து சுண்ணாம்பைக் கரைக்கின்றன. நார்வலை மட்டும் மிஞ்சுகிறது. அது அமிலத்துக்கு லேசில் மசியாது. அதை நறுக்குவதற்கென்று நொதிகளைச் சுரக்கின்றன. அவை நாரைத் துண்டு துண்டாக்குகின்றன. அங்கே சின்னதாக ஒரு பள்ளம் விழுகிறது, பல் அந்த இடத்துக்கு நகர்கிறது. பின்பக்கம் காலியான இடத்தில் எலும்பு கட்டும் செல்கள் வந்து புது நாரை நெய்து, அதில் சுண்ணாம்பை ஏற்றுகின்றன.

எனக்குக் கேட்கக் கேட்க ஆச்சரியமாக இருந்தது. இத்தனை நாளும் பிரியாணியில் வரும் நல்லி எலும்பை நான்தான் தின்றுகொண்டிருந்தேன். இப்போது என் எலும்பையே தின்ன உள்ளே ஒரு கூட்டம் இலை போட்டு உட்கார்ந்திருக்கிறது.

"அமிலம் தெரியும் மேடம். துருப்பிடிச்ச பூட்டுக்கு நாங்களே ஊத்துவோம். அதென்ன நொதி?"

"கறி வேகலன்னா வீட்டுல பப்பாளிக்காய் போடுவாங்கள்ல? அதுல இருக்குறது ஒரு வகை நொதி. கறியில இருக்கிற நார நறுக்கி மெதுவாக்கிரும். அந்த மாதிரி நம்ம ஒடம்புலயே ஊறுது."

பாவம் அந்த டாக்டர், யாரிடம் உதாரணம் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. நான் நேராகக் காய்க்கடைக்குப் போய், கன்னிவாடியிலிருந்து வந்த பப்பாளிக்காயில் பால் வடிகிறதா என்று கீறிப் பார்த்து ஒன்று வாங்கினேன். உடம்பில் ஊறுவது ஊறட்டும், வெளியிலிருந்தும் கொஞ்சம் கொடுத்தால் வேலை இரண்டு கையாலும் நடக்குமே என்று என் மூளை கணக்குப் போட்டது. தோலைச் சீவி, பாலோடு முன் ஈறில் தேய்த்தேன். நன்றாகப் பிடிக்க வேண்டும் என்று ஒரு துண்டை உதட்டுக்குள் அதக்கியும் வைத்துக்கொண்டேன்.

விடிந்தபோது உதடு வீங்கி, ஈறெல்லாம் வெந்து, ரசம் சாதம்கூட எரிந்தது. அம்மா அடுப்படியில் கிடந்த மிச்சக் காயைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"கறியே எடுக்காதப்ப பப்பாளிக்கா எதுக்குடா?"

நான் வாயைச் சுட்டிக் காட்டினேன். "அப்ப கறி நீதானா?" என்றாள்.

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மருந்து தடவினார். பப்பாளிப் பால் எலும்பு வரைக்கும் போகவே போகாது, ஈறைத்தான் புண்ணாக்கும், உடம்பு தனக்கு வேண்டியதைத் தானே, வேண்டிய இடத்தில், வேண்டிய அளவுக்குத்தான் சுரந்துகொள்ளும் என்றார். நான் தலையாட்டினேன். இந்த ஆட்டலுக்கு அர்த்தம் ஒன்றும் கிடையாது என்பது அவருக்கு அப்போதும் தெரியவில்லை.

ஐப்பசி போனது, கார்த்திகை வந்தது. கண்ணாடியில் பார்த்தால் பல் போன இடத்துச் சந்து அப்படியே இருந்தது. தை வந்துகொண்டே இருக்கிறது, என் பல் போகவே மாட்டேன் என்கிறது. அந்தப் பந்தலுக்குள் வேறு எவனோ நின்று அவளிடம் சரளமாகப் பேசுவது போலவும், தட்டைப் பார்த்ததுமே மிளகாய் என்று சரியாகச் சொல்லிவிடுவது போலவும் எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. கடையில் கூட்டமில்லாத ஒரு மத்தியானம், மேஜையில் கிடந்த மூக்குக் குறடு கண்ணில் பட்டது.

பின்பல்லையும் முன்பல்லையும் சேர்த்து முறுக்கிய மெல்லிய கம்பி ஒன்று இருந்தது. அதன் வால் நுனியைக் குறடால் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கினேன். பல் லேசாக இறுகியது. அடடா, இவ்வளவுதானே! இன்னொரு முறுக்கு. மறுபக்கத்துக்கு அநியாயம் செய்யக்கூடாது என்று அங்கேயும் முறுக்கினேன். பைக் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தபோது கண்ணில் நீர் கோத்திருந்தது. தொழிலாளியின் ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்து வந்த நாட்களில் தலையையே கழற்றி வைத்துவிடலாம் போல வலித்தது, ஈறும் உதடும் மறுபடி வீங்கிக்கொண்டன. வலிக்கிறது என்றால் நகர்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன் என்று சொல்ல ஆசைதான், அதைத்தான் கடிக்க முடியாதே. இட்லியைக் கரைத்துக் குடித்தேன். கடைசியில் முன்பல் ஒன்று நாக்கு பட்டாலே ஆட ஆரம்பித்தபோது டாக்டரிடம் ஓடினேன்.

அவர் எக்ஸ்ரே எடுத்தார். கம்பியைத் தளர்த்தினார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஆடுது, ஆனா நகரலண்ணே. நீங்க அழுத்துன அழுத்துல அங்க செத்த எடம் உண்டாயிருச்சு."

எங்கள் பேச்சில் செத்த என்றால் கொஞ்சம். செத்த நேரம் இருங்க, செத்த தள்ளி உக்காருங்க என்றுதான் நாளெல்லாம் சொல்கிறோம். அதனால் எனக்கு உயிர் வந்தது.

"செத்த எடம்தான மேடம்?"

"செத்துப்போன எடம்ணே!"

மெத்தையை நான் நசுக்கியதில் அதற்குள் ஓடும் ரத்தக் குழாய்கள் அடைபட்டுப்போய்விட்டன. எலும்புதின்னும் செல்கள் ரத்தத்தில்தான் வர வேண்டும், அந்த வழியை நானே அடைத்துவிட்டேன். அமிலமும் இல்லை, நொதியும் இல்லை, எலும்பு கரையவும் இல்லை. இனி அந்தச் செல்கள் பின்பக்கமாகச் சுற்றி வந்து, செத்த பகுதியை அரித்துத் துப்புரவாக்கிய பிறகுதான் பல் நகரும். அதற்கு நாளாகும். மெதுவாக அழுத்தியிருந்தால் இந்நேரம் கொஞ்சமாவது நகர்ந்திருக்கும். அதோடு, தாறுமாறாக அழுத்தினால் அந்தச் செல்கள் எலும்போடு சேர்த்துப் பல்லின் வேரையும் கரைக்க ஆரம்பித்துவிடும், பல்லே விழுந்துவிடலாம் என்றார்.

"இனிமே கொறட்டத் தொட்டீங்கன்னா கம்பியக் கழட்டிட்டு அனுப்பிருவேன். பூட்டு இல்லண்ணே இது."

உண்மையாகவே பயந்துபோனேன். எத்துப்பல்லோடு இருந்தாலாவது ஒரு மனிதன். எத்துப்பல்லும் போய், பிடுங்கிய பல்லும் போய், பெண்ணும் போய், பொக்கை வாயோடு டீக்கடை பெஞ்சுக்குத் திரும்புவதை நினைத்துப் பார்த்தேன். எவ்வளவு மெதுவாக நடந்தாலும் நடக்கட்டும், பல் மட்டும் விழாமல் இருந்தால் போதும் என்று எல்லாச் சாமியையும் கும்பிட்டேன். பெண்ணை மனசுக்குள் விட்டுக்கொடுத்துவிட்டேன். அது பல்லைவிட வலித்தது.

மார்கழியில் ஒரு காலை புது எண்ணிலிருந்து போன் வந்தது.

"பூட்டுக் கடைங்களா? ஆத்தூர் நாத்துப் பண்ணையில இருந்து பேசுறேன். உங்க ஜாதகப் பேப்பருக்குப் பின்னாடி நம்பர் இருந்துச்சு. உரம் வைக்கிற ரூம் சாவி காணல. வந்து தெறக்க முடியுமா?"

"ம்" என்றேன். போனை வைத்த பிறகுதான் எந்த ஊர், எந்தப் பண்ணை, எந்தக் குரல் என்பது மண்டையில் ஏறியது.

போனபோது பண்ணையில் அவளும் நாற்று நடும் இரண்டு பெண்களும் மட்டும் இருந்தார்கள். உரம் வைக்கும் அறைக் கதவில் தடித்த பூட்டு. முன்னால் குந்தி உட்கார்ந்தேன். பூட்டுத் திறக்க இரண்டு கையும் வேண்டும், வாயை மூடக் கை மிச்சமில்லை. அவள் பக்கத்தில் வந்து என் முகத்தைக் குனிந்து பார்த்தாள்.

"என்னங்க இது, வாயெல்லாம் வீங்கியிருக்கு?"

ஏற்கெனவே விட்டுக்கொடுத்துவிட்ட பெண்ணிடம் இனி மறைக்க என்ன இருக்கிறது? சொல்ல ஆரம்பித்தேன். கம்பியைச் சொன்னேன். நல்ல பல்லைப் பிடுங்கியதையும் அம்மாவின் சாபத்தையும் சொன்னேன். எலும்புதின்னும் செல்கள் ரத்தத்தில் வருவதை, அமிலம் சுண்ணாம்பைக் கரைப்பதை, நொதி நாரை நறுக்குவதைப் பூட்டுக்குள் கம்பியை விட்டுக்கொண்டே விவரித்தேன். பப்பாளிக்காயிடம் வந்தபோது நாற்று நடும் பெண்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். குறடையும் செத்த இடத்தையும் சொல்லி முடித்தபோது அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பூட்டு எப்போதோ திறந்திருந்தது. நான்தான் கவனிக்காமல் பேசிக்கொண்டிருந்தேன்.

"இம்புட்டும் எதுக்காக?"

"நீங்கதான வாய் கொறைன்னு சொல்லிவிட்டீங்க."

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. "நானா? பல்லப் பத்தி நான் ஒரு வார்த்த சொல்லலியே. ஒங்கம்மா பொலம்பிக்கிட்டே தரகர்ட்ட கம்பி கட்டுன கதையச் சொல்லி, அவர் இங்க வந்து சொன்னப்பத்தான் எனக்கே தெரியும். ஆளு நல்லவராத் தெரியிறாரு, ஆனா வாயில்லாப் பூச்சியா இருக்காரே, காலம்பூரா நான் ஒருத்தியே பேசிக்கிட்டு இருக்கணுமான்னுதான் கேட்டேன்."

வாயில்லாப் பூச்சி. தரகர் பூச்சியை வழியிலேயே விட்டுவிட்டு, வாயை மட்டும் எங்கள் வீட்டில் கொண்டுவந்து போட்டிருக்கிறார். அதற்காக இரண்டு நல்ல பற்களும், ஒரு பப்பாளிக்காயும், தாடையில் ஓர் இடமும் செத்திருக்கின்றன.

"அன்னைக்கே இதுல கால்வாசி பேசியிருந்தா, அப்பவே சரின்னுருப்பேன்" என்றாள்.

கம்பிகளைப் பொறுக்கிப் பையில் போட்டேன். பிறகு, பூட்டுக்குப் புதுச் சாவி வெட்டித் தரட்டுமா என்று தொழில் ரீதியாகக் கேட்டேன்.

"வேணாம், பழசு கெடச்சிரும்" என்றாள். அந்தச் சாவி அன்று அவள் இடுப்பில்தான் செருகியிருந்தது என்பதைக் கல்யாணமாகிப் பல மாதம் கழித்து அவளே சொன்னாள். ஊருக்கே சாவி போடுகிறவனுக்கு அது தோன்றவேயில்லை.

தை பிறந்ததும் கல்யாணம். கம்பி கழறுகிற வரைக்கும் காத்திருக்கலாம் என்றேன், எதற்கு என்று கேட்டுவிட்டாள். கல்யாண போட்டோவில் என் கையில் தாம்பூலத் தட்டைக் கொடுத்திருந்ததால் வாய் தப்பித்துக்கொண்டது, கம்பி அவளுடைய நகைகளுக்குப் போட்டியாக மின்னுகிறது. மறுவீட்டு விருந்தில் பிரியாணி போட்டார்கள். என் இலையில் நல்லி எலும்பு. கம்பி கட்டியவன் எலும்பைக் கடிக்கக் கூடாது என்பது டாக்டரின் உத்தரவு. ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அதை எடுத்து, தண்ணீர் டம்ளரில் டங்கென்று தட்டி, உள்ளிருந்த மஜ்ஜையை என் சோற்றில் விழவைத்துவிட்டு, எதுவும் நடக்காதது போல அவள் இலைக்குத் திரும்பினாள்.

அப்புறம் குறட்டைத் தொடாமல் கிடந்தேன். எலும்புதின்னிகளும் நொதிகளும் தங்கள் பாட்டுக்கு வேலை பார்த்தன. டாக்டர் முதலில் சொன்ன அந்தத் தையும் தாண்டி ஒருநாள் கம்பியைக் கழற்றினார்கள். பற்கள் வரிசையில் நின்றன, விழாமலும் நின்றன. ஆனாலும் படுக்கும்போது பிளாஸ்டிக் உறை ஒன்றை மாட்டிக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டர். எலும்பு புது இடத்தில் கட்டிவிட்டாலும், ஈறுக்குள் இருக்கும் கொலாஜன் நார்கள் பழைய இடத்தைச் சுலபத்தில் மறக்காதாம். நொதிகள் அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கிப் புதிதாக நெய்யும் வரைக்கும் பல்லைப் பழையபடியே பிடித்து இழுத்துக்கொண்டிருக்குமாம்.

அந்த உறையைத் தவறாமல் மாட்டுகிறேன். பல் அதே இடத்தில்தான் இருக்கிறது. என் வலது கைக்குத்தான் உறை எதுவும் கிடையாது. சிரிப்பு வந்தால், ஒரு புது ஆள் எதிரே வந்தால், அது தானாக எழும்பி வாய்க்கு முன்னால் போய் நிற்கிறது. பல் நேராகிவிட்ட சேதி அதற்குப் போய்ச் சேரவில்லை. எனக்கு அது அவமானமாகத்தான் இருக்கிறது.

போன வாரம் வடமதுரையிலிருந்து நாற்று வாங்க நாலைந்து பேர் பண்ணைக்கு வந்திருந்தார்கள். கடைக்கு விடுமுறை விட்டுவிட்டு நானும் அங்கே இருந்தேன். அதில் ஒருவர் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல, எனக்குச் சிரிப்பு வந்தது. கை பாதி எழும்பிவிட்டது. அவள் அதைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த குழித்தட்டு இரண்டை ஒன்றாக அடுக்கித் தூக்கி, "இதச் செத்த பிடிங்க" என்று என் இரண்டு கையிலும் வைத்தாள். ஈர மண்ணோடு நல்ல கனம், ஒரு கையை எடுத்தால் அத்தனை நாற்றும் தரையில் கிடக்கும்.

பிறகு என் முகத்தைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "இது கத்தரி நாத்தாங்க?" என்று கேட்டாள்.

"மொளகா" என்று சொல்லிவிட்டு நான் சிரித்தேன். அவள் தட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.